ஆர்டிகிள்ஷிப் ஆடிட்டருக்கு மட்டும்தானா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், வங்கிக் கிளைகளில் கல்விக் கடன் மேஜைக்கு முன்னால் நாற்காலி போதாது. இங்கே நாக்பூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் வருவார்கள். உள்ளே நம்ம ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் கொஞ்சம் உரிமையோடு கேட்பார்கள். "சார், எந்த கோர்ஸுக்கு லோன் சீக்கிரம் கிடைக்கும்?" பையனுக்கோ பெண்ணுக்கோ எது பிடிக்கும் என்பதெல்லாம் அப்புறம்தான்.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏழரை லட்சம் வரை ஜாமீன் சொத்து இல்லாமல் கிடைக்கும். படிக்கும் காலமும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டிக்கு விடுமுறை கிடையாது, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். வேலை கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால்?

இதற்கு நேர் எதிரான ஒரு வழி இருக்கிறது. முதலில் வேலை, அதோடு சம்பளம், கூடவே பட்டம். இங்கிலாந்தில் இதை டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் என்கிறார்கள். 2015-ல் தொடங்கினார்கள். அங்கே ஆம்புலன்ஸில் வரும் பாராமெடிக் ஆவதற்கே இப்படி ஒரு வழி உண்டு. அதைப் படித்ததிலிருந்து மனசில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நம் ஊரில் 'பாராமெடிக்கல் கோர்ஸ்' என்றால் டாக்டர், நர்ஸ் தவிர மற்ற எல்லாமே அதில் அடக்கம். லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே, டயாலிசிஸ் எல்லாம் ஒரே பையில். பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கே பாராமெடிக் என்பது சட்டம் காக்கும் பட்டப் பெயர். ஹெச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. 2021 செப்டம்பரிலிருந்து புதிதாக வருகிறவர்களின் படிப்பு ஹானர்ஸ் பட்டம் அளவில் இருக்க வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். நோயாளியின் வீட்டு ஹாலில் வைத்தே ஈ.சி.ஜி. எடுத்து, இது மாரடைப்புதானா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அல்லது வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாமா என்று முடிவெடுக்கும் ஆள் அவர். டிரைவருக்குத் துணையாக உட்கார்ந்து வருகிறவர் அல்ல.

பட்டம் வேண்டும் என்று சொன்னதும் ஒரு சிக்கல் வருமே? வருஷத்துக்கு ஒன்பதாயிரம் பவுண்டுக்கு மேல் கட்டணம் (2025-26-ல் 9,535 பவுண்டு) கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால், வீட்டில் குழந்தை குட்டி இருக்கும் முப்பது வயதுக்காரர் என்ன செய்வார்? அவருக்குத்தான் அப்ரண்டிஸ்ஷிப். ஆம்புலன்ஸ் நிறுவனமே அவரை ஊழியராக எடுத்துச் சம்பளம் கொடுக்கும். பல்கலைக்கழகப் பாடம் ஒரு பக்கம், சீனியரோடு வண்டியில் வேலை ஒரு பக்கம். கட்டணத்தில் ஒரு பைசா அவர் தர வேண்டாம். பெரிய நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் அரை சதவீதம் 2017-லிருந்து இதற்கென்றே வரியாக வசூலாகிறது, பயிற்சிச் செலவு அதிலிருந்து போகிறது. வயது வரம்பும் இல்லை. பல வருஷமாக வண்டியில் உதவியாளராக இருந்தவர்கூட இந்த வழியில் மேலே வரலாம்.

"வேலை பார்த்துக்கொண்டே படித்தால் அது உருப்படியான படிப்பா?" என்று கேட்பவர்கள் நம்மில் நிறையப் பேர். பி.காம். படித்தவர்கள் இதைக் கேட்கலாமா? சி.ஏ. ஆர்டிகிள்ஷிப் வேறு என்ன? ஒரு ஆடிட்டரிடம் போய்ச் சேர்ந்து, கம்பெனி கம்பெனியாக அலைந்து, வவுச்சர் டிக் அடித்து, ராத்திரி கண் விழித்துப் படித்துத்தானே எல்லோரும் ஆடிட்டர் ஆனார்கள்? 2023-ல் வந்த புதுத் திட்டத்தில் மூன்று வருஷத்தை இரண்டாகக் குறைத்தார்கள், அவ்வளவுதான். ஆர்டிகிள்ஷிப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வங்கிகளில் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. எழுதுவதும் வேலையில் சேர்ந்த பிறகுதான். கணக்குப் புத்தகத்துக்கு இது சரி, உயிர் காக்கும் வேலைக்குச் சரியில்லை என்றால் என்ன நியாயம்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 108 சேவை 2005 ஆகஸ்ட் 15-ல் ஹைதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. அதில் மருத்துவ உதவியாளர் வேலைக்கு வரும் அறிவிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். நர்சிங், லேப் டெக்னீஷியன் படித்தவர்கள் வரலாம், பி.எஸ்ஸி. விலங்கியல், தாவரவியல் படித்தவர்களும் வரலாம். சுமார் 50 நாள் பயிற்சி. பிறகு 12 மணி நேர ஷிப்ட். பிரசவம், பாம்புக்கடி, லாரி விபத்து, எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளைகள்தான் முதலில் போய் நிற்கிறார்கள். கட்டுப்பாட்டு அறை டாக்டர் போனில் வழி சொல்வார் என்பது உண்மை. ஆனால் கை வைப்பது அவர்கள்தானே? நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. இவ்வளவு குறைந்த பயிற்சியில் இவ்வளவு செய்கிறார்களே என்று மலைக்கிறேன்.

வெளியூரில் இருக்கும் நமக்கு இது சும்மா பொது அறிவு விஷயம் இல்லை. நம்மில் எத்தனை பேருடைய அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள்! பாத்ரூமில் வழுக்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ நமக்குத் தகவல் வந்து, டிக்கெட் எடுத்து, போய்ச் சேருவதற்குள் ஒரு நாள் ஆகிவிடும். முதல் பத்து நிமிஷத்தில் பக்கத்தில் இருக்கப் போவது மகனும் இல்லை, மகளும் இல்லை. 108-ல் வரும் அந்தப் பிள்ளை. அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தூக்கம் தூங்கிவிட்டு வந்தார், எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்பதெல்லாம் நம் வீட்டு விஷயம்.

படிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்துக்கு பி.எஸ்ஸி. பட்டமே இருக்கிறது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அப்ரண்டிஸ்ஷிப்போடு சேர்ந்த பட்டப் படிப்புக்கு யு.ஜி.சி. 2020-லும் 2025-லும் வழிகாட்டு நெறிகள் கொடுத்திருக்கிறது. துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது. சேர்த்துத் தைக்க ஆள் வேண்டும்.

தைக்கும்போது ஒரு எச்சரிக்கை. நம்முடைய 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. கிடைப்பது உதவித்தொகை. இங்கிலாந்தில் அவர் சம்பளம் வாங்கும் ஊழியர். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், எல்லாமே அதில்தான் இருக்கிறது. பெயரை மட்டும் இறக்குமதி செய்தால், 12 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு உதவித்தொகையைக் கையில் கொடுத்து அனுப்பும் இன்னொரு திட்டமாகத்தான் அது முடியும். அதைவிட இப்போதிருக்கும் 50 நாளே தேவலை.

எனவே என் கட்சி இதுதான். ஏற்கனவே 108-ல் வேலை பார்ப்பவர்களை முதலில் எடுங்கள். சம்பளத்தைக் குறைக்காமல், வாரத்தில் படிப்புக்கென்று ஷிப்ட் நேரத்திலேயே இடம் ஒதுக்கி, மூன்று நான்கு வருஷத்தில் பட்டம் கொடுங்கள். அனுபவத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். பட்டம் வாங்கியவருக்குப் பதிவும் சம்பள உயர்வும் கொடுங்கள். ரொம்பச் செலவாகும் என்பார்கள். ஆகும்தான். ஆனால் பயிற்சி கொடுத்த ஆள் இரண்டு வருஷத்தில் வேறு வேலைக்கு ஓடிவிட்டால், அடுத்தவருக்கு முதலிலிருந்து பயிற்சி கொடுப்பதும் செலவுதானே? அந்தச் செலவு எந்தப் பேரேட்டிலும் தனித் தலைப்பில் வருவதில்லை என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

நம் பங்கும் ஒன்று இருக்கிறது. "ஆம்புலன்ஸிலா வேலை பார்க்கிறான்?" என்று கல்யாணப் பேச்சில் முகம் சுளிப்பதை நிறுத்த வேண்டும். இருபது வயதில் ஒரு பெண்ணோ பையனோ இந்த வேலைக்குப் போகிறேன் என்றால், "எவ்வளவு வரும்?" என்று கேட்பதற்கு முன்னால், ஊரில் இருக்கும் உங்கள் அம்மாவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்பு இருந்தால் தாராளமாகப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். 108-ல் வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவசியம் எழுதுங்கள். நான் வெளியிலிருந்து பார்ப்பவன், நீங்கள் உள்ளே இருப்பவர்கள்.

பி.கு.: இது முழுக்க என் சொந்தக் கருத்து. நான் வேலை பார்க்கும் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தயவுசெய்து லோன் பற்றிய சந்தேகங்களைப் பின்னூட்டத்தில் கேட்காதீர்கள் :-)