இடைத்தரகர் என்னும் பொய்ப்பெயர்

"இடைத்தரகர் ஒழிந்தால் விலை குறையும்" என்னும் சூத்திரம் நம் வணிகவியல் வகுப்பறைகளில் மறுபேச்சின்றிக் கற்பிக்கப்படுகிறது. அச்சுப்பொறியையும் நகல் இயந்திரத்தையும் உற்பத்தி நிறுவனங்களே இணையத்தில் விற்பதை நம் ஆய்வேடுகளும் வளர்ச்சி என்றே பதிவுசெய்கின்றன. அந்த நிறுவனங்களின் டீலர் அவற்றில் ஒரு செலவினமாக மட்டுமே தென்படுகிறார்.

பனச்சமூட்டில் நின்று இதைப் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1 முதல் மாநில எல்லை இவ்வூரை ஒட்டிச் செல்கிறது. சந்தைக்கு வருவோரோ இருபுறத்தவர். ஒதுக்கிய பகுதிக்கு வெளியே விற்கலாகாது என்பது டீலர் ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. பகுதி மாநில வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தால், இங்குள்ள கடைக்காரர் கூப்பிடு தூரத்திலுள்ள குமரி மாவட்டப் பள்ளிக்கு ஓர் அச்சுப்பொறி விற்பதும் மீறலாகும். அவருக்கு எல்லை வகுத்த நிறுவனமோ, ஒரு பின்கோடு கிடைத்தால் எங்கும் விற்கும்.

நேரடி விற்பனையே குற்றம் என்று நான் கூறவில்லை. 1984-இல் மைக்கேல் டெல் தொடங்கிய நிறுவனம் நேரடி விற்பனையாலேயே வளர்ந்தது. டீலரின் முதலீட்டிலும் உழைப்பிலும் சந்தையைப் பிடித்துவிட்டு, பின்னர் அதே சந்தையில் அவருக்கு எதிராகவே கடை விரிப்பதுதான் அறமற்றது. சரக்கில் முடங்குவது டீலரின் பணம். டிரம் பழுதானாலும் தாள் சிக்கினாலும் வாங்கியவர் தேடிவருவதும் அவரைத்தான். வாரண்டிப் பதிவின் வழியே அவருடைய வாடிக்கையாளர் விவரம் மட்டும் நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதை உணர்ந்திருக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறையிலுள்ள அதன் விதி, டீலரோடு போட்டியிடும் உற்பத்தியாளர் அவரிடமிருந்து பெறும் தகவலுக்கு வரம்பு கட்டுகிறது: ஒப்பந்தத்தை நிறைவேற்ற நேரடியாகத் தேவைப்படாத தகவல் பரிமாற்றத்துக்கு அவ்விதியின் விலக்குப் பாதுகாப்பு இல்லை. நம் நாட்டின் 2002 போட்டிச் சட்டத்தின் 3(4) பிரிவு, பகுதி பிரிப்பையும் மறுவிற்பனை விலைக் கட்டுப்பாட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. டீலர்கள் கூடுதல் தள்ளுபடி தருவதைத் தடுத்ததாக மாருதி சுசுகிக்கு 2021 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது மேல்முறையீட்டுக்குச் சென்றது. ஆனால், தன் டீலரோடு தானே போட்டியிடும் உற்பத்தியாளரை அப்பிரிவின் பட்டியல் தனித்துச் சுட்டவில்லை.

நிறுவனம் தன் இணையதளத்தில் விற்கும் விலைக்கே சரக்கு வாங்க வேண்டிய நிலை டீலருக்கு வரலாகாது. அவர் திரட்டிய வாடிக்கையாளர் விவரத்தைக் கொண்டு அவருக்கு எதிராக வணிகம் செய்யலாகாது. இணையத்தில் விற்ற பொருளை அவர் பழுது நீக்கினால் அதற்குரிய கூலி தரப்பட வேண்டும். பகுதி வரம்பு இருக்குமானால் அது இருவரையும் கட்டுப்படுத்த வேண்டும். இவை சலுகைகள் அல்ல; ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச நேர்மை. இவற்றை ஆராயாமல் "இடைத்தரகு நீக்கம்" என்று எழுதும் ஆய்வேடு, நிறுவனத்தின் விளம்பரத்துக்கு அடிக்குறிப்பு சேர்க்கும் வேலையையே செய்கிறது.