கூடை சுமந்தவர் குறிப்பேடும் ஏந்தட்டும்

மழை ஓய்ந்த மறுநாள் அரிக்கமேட்டு மண்ணைப் பார்த்தபடி நடந்தால் பாசிமணி தட்டுப்படும் என்பது காக்காயந்தோப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சங்கதி. 1937இல் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேயின் கைக்கு மணிகள் சேர்ந்ததும் இப்படிச் சிறுவர்கள் பொறுக்கிக் கொடுத்துத்தான். பிறகு 1945இல் வீலர், 1947 முதல் கசால், 1989 முதல் விமலா பெக்லி எனத் தோண்டியவர்களின் பெயர்களை நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். குழிக்குள் இறங்கிக் கூடை சுமந்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று நம்மில் யாரும் விசாரித்ததில்லை.

ஊர் வரலாறு தேடும் தன்னார்வக் குழுக்களில் நம் இளைஞர்கள் சேர வேண்டும். பாகூர் குப்புசாமி ஊர் ஊராகத் தொகுத்த புதுச்சேரிக் கல்வெட்டுகள் 2006இல் நூலாக வரத் தொடங்கின. உள்ளூர்க்காரர் ஒருவரின் உழைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால், இந்தக் குழுக்களின் நடை பெரும்பாலும் கோயில் மதிலோடு நின்றுவிடுகிறது. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் பறைச்சுடுகாட்டையும் தனித்தனியே பெயரிட்டு எழுதிவைத்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் வரி கணக்கெழுதியவன் கண்ணுக்குத் தெரிந்த சேரி, இன்றைய கள ஆய்வாளர் கண்ணுக்குத் தெரியாமல் போவானேன்? சேரிக் குளம், சுடுகாட்டு மேடு, அங்கே கிடக்கும் பானை ஓடு, பாட்டிமார் சொல்லும் இடப்பெயர் எல்லாம் பதிவாக வேண்டியவை. அதற்கு அந்தத் தெருவிலிருந்தே ஆள் வேண்டும்.

இன்னொன்று, கூலி. மாதச் சம்பளக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தன்னார்வம் பொழுதுபோக்கு. சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சோறு. வெட்டி ஊழியம் பார்த்த குடும்பத்துப் பிள்ளையிடம் போய், சம்பளமில்லாத வேலையைச் சேவை என்று சொல்ல நாக்கு கூச வேண்டும். பஸ் காசு, சாப்பாடு, இழந்த கூலி மூன்றையும் குழுக்கள் தர வேண்டும். அறிக்கையில் கண்டெடுத்தவரின் பெயரும் தெருவும் வர வேண்டும். மண் அள்ளுவதோடு நிறுத்தாமல் அளவெடுக்கவும் படியெடுக்கவும் கற்றுத்தர வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அரிக்கமேடு மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே தோண்டுவதும் மணியை எடுத்து விற்பதும் கூடாது. கண்ணில் பட்டால் கிடந்த இடத்தைப் படமெடுத்து, தேதி குறித்து, துறைக்குத் தெரிவியுங்கள். அந்தக் குறிப்பின் அடியில் உங்கள் பெயரை முழுதாக எழுதுங்கள்.