தொந்தி செல்வத்தின் அடையாளமா?

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர், இராஜகிரியின் அடிவாரத்திலுள்ள பெரிய நெற்களஞ்சியத்தை வியந்து நோக்குவர். முற்றுகைக் காலத்திற்கென அன்று தானியம் சேர்த்து வைத்தனர். நமது உடலும் பசிக்காலத்திற்கெனக் கொழுப்பைச் சேர்த்து வைக்கின்றது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. களஞ்சியத்து நெல் வாளா கிடக்கும். வயிற்றுக் கொழுப்போ அவ்வாறு கிடப்பதில்லை.

தோலின் கீழ்ப் படியும் கொழுப்பு ஒரு வகை. குடல், ஈரல் முதலிய உள்ளுறுப்புகளைச் சூழ்ந்து படிவது மற்றொரு வகை. பின்னதே தீங்கு மிக்கது. அது கொழுப்பு அமிலங்களை ஈரலுக்கு அனுப்புகின்றது. அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கின்றது. இதனால் இன்சுலினின் கட்டளைக்கு உடல் பணிய மறுக்கின்றது. கணையம் மேலும் மேலும் சுரந்து களைப்புறும்போது நீரிழிவு தோன்றுகின்றது. இரத்த அழுத்தமும் இருதய நோயும் அதன் தோழர்கள்.

கொழுப்பின் அளவைப்போல அது படியும் இடமும் முக்கியமானது என்பதை 1947-லேயே பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் எடுத்துரைத்தார். கை கால் மெலிந்து வயிறு மட்டும் பருத்த உடலமைப்பு நம் நாட்டவரிடம் மிகுதி. எனவே, "நமக்கு எடை அதிகமில்லையே" என்று வாளாவிருத்தல் தகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று, 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி, வயதுவந்தோரில் 100-க்கு ஏறத்தாழ 40 பேருக்கு வயிற்றுப் பருமன் உள்ளது.

இல்லறத்தார் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. இன்சுலின் மிகும்போது பெண்களின் சூலகங்கள் ஆண்பால் ஹார்மோனை அதிகம் சுரக்கலாம். மாதவிடாய் தவறுதல், முகத்தில் உரோமம் வளர்தல், கருத்தரிப்பதில் தாமதம் ஆகியவற்றிற்கு இதுவும் ஒரு காரணம். ஆண்களிடத்திலோ வயிற்றுப் பருமன் ஆண்மை ஹார்மோனைக் குறைக்கக் கூடும். அப்படியிருக்க, மழலைப் பேறு தாமதமானால் மருமகளை மட்டும் குறைகூறுவது எத்துணை அநீதி! கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

நம்மை நாமே சோதிக்கத் தையற்காரரின் அளவு நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில், இறுக்காமல் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே எச்சரிக்கை. கருவுற்ற தாய்மாருக்கு இவ்வளவு பொருந்தாது. எல்லையைத் தொட்டவர்கள் இரத்தச் சர்க்கரையையும் அழுத்தத்தையும் சோதித்தல் நன்று.

அஞ்ச வேண்டியதில்லை. சென்னை டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 3 ஆண்டுகளில் 55 விழுக்காட்டினர் நோயுற்றனர். உணவைச் சீர்செய்து, நாள்தோறும் நடந்தவர்களில் 39 விழுக்காட்டினரே நோயுற்றனர். அவர்களின் எடை பெரிதாகக் குறையாதபோதும் இப்பயன் கிட்டியது என்பது கருதத்தக்கது!

ஆகவே, சோற்றைக் குறைத்துக் காய்கறியையும் பருப்பையும் கூட்டுவோம். இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் திருநாள்களுக்கென ஒதுக்குவோம். கடைத்தெருவுக்கு வண்டியைத் தவிர்த்து நடந்தே செல்வோம். தொந்தியைச் செல்வமென்று போற்றிய காலம் போகட்டும். பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் நற்செல்வம், நலமுள்ள பெற்றோரே அன்றோ?