சீசன் என்று பெயர் வைத்தது யார்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் எனக்கு இரண்டு விதமான போன் வரும். கீழே இருக்கிற உறவினர்கள், "வெயில் தாங்க முடியலை மாமா, பத்து நாள் குன்னூர் வந்து இருக்கலாமா?" என்பார்கள். இங்கே இருக்கிற நண்பர்கள் நான் மே மாதம் பாண்டிச்சேரி போகப்போவதைக் கேள்விப்பட்டு, "ஏன் சார், ஊரே மேலே ஏறும்போது நீங்க மட்டும் கீழே இறங்கறீங்களே, அக்னி நட்சத்திரத்தில் யாராவது கடற்கரைக்குப் போவாங்களா?" என்பார்கள். முதல் போனுக்கு, வாருங்கள் என்றுதான் சொல்ல முடியும், உறவு. இரண்டாவதற்கு இந்த முறை சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

எந்தப் பயணக் கையேட்டைப் பிரித்தாலும் 'போவதற்கு உகந்த காலம்' என்று ஒரு வரி இருக்கும். ஊட்டிக்கு ஏப்ரல் முதல் ஜூன். பாண்டிச்சேரிக்கு அக்டோபர் முதல் மார்ச். மேற்கு ஆப்பிரிக்காவின் டக்கார் நகரத்துக்கு நவம்பர் முதல் மே. மற்ற மாதங்களில் அந்த ஊர்களை மூடி வைத்துவிடுவார்கள் போலிருக்கிறது. பாண்டிச்சேரிக்கு எழுதியிருக்கும் மாதங்களைப் பாருங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தது அந்த 'உகந்த' காலத்தில்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஊரை வெள்ளக்காடாக்கியதும் அதே காலத்தில்தான். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் நின்றது, வியர்க்கவில்லையே! உகந்த காலம் என்றால் யாருக்கு உகந்தது என்று அந்த வரியை எழுதியவரை யாரும் கேட்பதில்லை.

'சீசன்' என்ற சொல்லை நாமும் கூச்சமில்லாமல் சொல்லப் பழகிவிட்டோம். "சீசன் முடிஞ்சு கல்யாணம் வெச்சுக்கலாம்" என்று நம் ஊரில் நாள் குறிப்பதையே தள்ளிப்போடுகிறோம். இது படகரும் தோடரும் கோத்தரும் வைத்த பெயர் அல்ல. 1819-ல் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறிவந்தார். அவருக்குப் பிறகு சமவெளி வெயிலுக்குத் தப்பி வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் வைத்த பெயர் இது. பிறகு சென்னை மாகாண அரசாங்கமே ஆண்டுதோறும் பல மாதம் ஊட்டிக்குக் குடிபெயர்ந்தது. கவர்னர் ஏறினால் அவர் பின்னால் அலுவலகம் ஏறும், அலுவலகத்தின் பின்னால் கோப்புகள் ஏறும். முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவன் என்பதால் எனக்குக் கவர்னரைவிடக் கோப்புக் கட்டுகளின் மேல்தான் நினைப்பு போகிறது. 1899-ல் ரயில் குன்னூரைத் தொடும்வரை அவை மாட்டுவண்டியிலும் ஆள் தலையிலும்தான் ஏறியிருக்க வேண்டும். துரைக்கு வியர்க்கக் கூடாது என்று நூறு பேர் வியர்த்திருக்கிறார்கள்.

நான் பிறந்த பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கு ஏறி ஒளிய மலை கிடையாது. வைகாசியில் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேருக்கு பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடிப்பார். அந்த வழக்கத்தையொட்டி இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் தொட்டுக் கொடுக்கிறார். வைகாசி வெயிலில், கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு! இதற்காக நான் அவர்களைப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பெயர் வைக்கும் வித்தையில் அவர்களும் இவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல.

நான் படித்த பள்ளியில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். பூகோளத்தில் காவிரி டெல்டாவைவிட செனகல் ஆற்றைப் பற்றித்தான் அதிகம் படித்தோம். அந்த நாட்டில் ஜூலை முதல் அக்டோபர் வரை மழையும் புழுக்கமும் சேர்ந்து வரும். அந்த மாதங்களுக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் 'இவெர்னாழ்' என்று பெயர். 'இவெர்' என்றால் பிரெஞ்சில் குளிர்காலம். வியர்த்துக் கொட்டும் மாதங்களுக்குக் குளிர்காலத் தங்கல் என்று பெயர்! வாத்தியாரிடம் கேட்டேன். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கப்பல்கள் துறைமுகத்தில் ஒதுங்கிக் கிடக்கும், இங்கே இந்தப் பருவத்தில் ஒதுங்கும், அதனால் அந்தப் பெயர் என்றார். கப்பல்காரனுக்கு வேலை இல்லாத காலம், ஆகவே குளிர்காலம். அதே மாதங்களில்தான் அந்த ஊர் விவசாயி கம்பும் வேர்க்கடலையும் விதைக்கிறான். அவனுக்கு வருஷத்தின் முக்கியமான காலம் அது. அவனைக் கேட்டு யாரும் பெயர் வைக்கவில்லை.

அந்த இவெர்னாழ் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது அறுபது வயதுக்கு மேல். என் தங்கை மகனுக்கு டக்காரில் வேலை. 2013 ஆகஸ்டில், டிக்கெட் மலிவு, வாருங்கள் மாமா என்றான். மலிவுக்குக் காரணம் வேறென்ன, சீசன் இல்லை.

டக்கார் தமிழனுக்கு அவ்வளவு அந்நியமான ஊரும் அல்ல. பாண்டிச்சேரியில் நெய்து அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி 'கினே' என்ற பெயரில் கப்பலேறி செனகலுக்குப் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணியைக் கொடுத்துத்தான் வேலம்பிசின் வாங்கினார்கள்; அங்கே அது காசு போலவே புழங்கியது. ஐரோப்பாவில் அதைப் போல நெய்து அனுப்பிப் பார்த்தும் நம் ஊர்த் துணிக்கு இருந்த மதிப்பு அதற்கு வரவில்லை. அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி செங்கோர் ஒரு கவிஞர். ஆப்பிரிக்கருக்கும் திராவிடருக்கும் உறவு உண்டு என்று நம்பியவர். நம் க. ப. அறவாணன் டக்கார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவிட்டு வந்தவர். இதெல்லாம் தெரிந்தும், குன்னூரில் நான் டக்கார் போகிறேன் என்றதும் முதலில் வந்த கேள்வி, "அங்கே இப்ப சீசனா சார்?"

இறங்கியதும் ஈரத்துணியை முகத்தில் போர்த்தியது போல இருந்தது, உண்மைதான். வெயில் முப்பது, முப்பத்திரண்டு டிகிரிதான். ஆனால் காற்றில் தண்ணீர். எனக்கு அது புதிதல்ல, பாண்டிச்சேரியில் பிறந்த உடம்பு. இரண்டு நாளில் அந்த ஊர் எப்படிச் சமாளிக்கிறது என்று புரிந்துவிட்டது. காலையில் வேலை. மதியம் ஒரே பெரிய தாம்பாளத்தில் நொய்யரிசிச் சோறும் மீனும் காய்கறியும் வைத்துச் சுற்றி உட்கார்ந்து சாப்பாடு. 'செபு ஜென்' என்பார்கள். பிறகு நிழலில் ஒரு சின்னக் கரியடுப்பு, அதன்மேல் ஒரு சின்னக் கெண்டி, அதில் டீ.

தேயிலை ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பச்சைத் தேயிலைத்தூளையும் புதினாவையும் சர்க்கரையையும் போட்டுக் கொதிக்க வைத்து, கண்ணாடித் தம்ளருக்குத் தம்ளர் உயர ஆற்றி, நுரை வரவைத்து, மூன்று முறை தருவார்கள். முதல் சுற்று கசக்கும், இரண்டாவது இனிக்கும், மூன்றாவது வெறும் இனிப்பு. மூன்றும் முடிய இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் வெயில் சாய்ந்துவிடும். அதற்காகத்தானே அந்த டீயே! நாம் ஏழாயிரம் அடி உயரத்தில் டீயை வளர்த்துவிட்டு இரண்டு நிமிஷத்தில் விழுங்குகிறோம். குன்னூர் ஆள், தேயிலைத் தோட்டத்துப் பக்கத்தில் வீடு என்று நான் சொன்னதும் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. என் பிரெஞ்சைக் கேட்டு ஒரு பெரியவர், "உங்கள் பேச்சு என் தாத்தா காலத்துப் புத்தகம் மாதிரி இருக்கிறது" என்றார்.

சாயங்காலம் சூம்பெதியூன் கரையில் வர்ணம் தீட்டிய நீளப் படகுகள் வந்து ஏறும், மீன் இறங்கும், ஊரே கூடும். மாம்பழக் காலமும் அதுதான். கோரே தீவில், அடிமைகளை அடைத்து வைத்த வீட்டில், எங்களோடு வேறு நான்கைந்து பேர் மட்டுமே. வழிகாட்டியாக வந்தவர் அவசரமில்லாமல் ஒன்றரை மணி நேரம் பேசினார். கூட்டமான மாதத்தில் போயிருந்தால் எங்களுக்குக் கிடைத்திருப்பது பத்து நிமிஷம். ஹோட்டல்காரர்கள் அதை 'செத்த காலம்' என்றார்கள். பதினெட்டு நாளில் அங்கே எதுவும் செத்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சுற்றுலாக்காரன் இல்லை, அவ்வளவுதான்.

இனி நம் மலைக்கு வருகிறேன். இந்த உகந்த காலத்தில் இங்கே என்ன நடக்கிறது?

ஏப்ரல், மே மழை விழுந்தவுடன் தேயிலை கொழுந்து தள்ளும் காலம். பறித்த பச்சை இலை மூட்டைக்குள் சூடேறாமல் அன்றைக்கே பாக்டரிக்குப் போய்ச் சேரவேண்டும். அந்த இலை ஏற்றிய வண்டி, மலைப்பாதையில் பிரேக் பிடிக்கத் தெரியாத வெளியூர்க் கார்களுக்குப் பின்னால் நிற்கிறது. விலையில் விழும் குறைச்சல் சிறு விவசாயி தலையில். குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று போலீஸ் பாதை மாற்றும்போது, மேட்டுப்பாளையத்துக்கு அவசரமாகப் போகவேண்டிய உள்ளூர்க்காரன் ஊரைச் சுற்றுகிறான். பெரிய சிகிச்சை என்றால் இன்னும் கோயம்புத்தூருக்குத்தான் இறங்குகிறோம். போன வருஷத்துக்கு முந்தைய மே மாதம் என் பக்கத்து வீட்டுக்காரரை நெஞ்சுவலியோடு ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் பர்லியாருக்கு மேலே நாற்பது நிமிஷம் நகரவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் டிரைவரின் கை நடுங்கியதை அவர் மனைவி இன்னும் சொல்கிறார். அதே வாரம் எங்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை. விடுதிகளுக்கு மட்டும் லாரி லாரியாக ஏறிக்கொண்டிருந்தது.

இதை நானாகச் சொல்லவில்லை. சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டு, 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டுவர வேண்டியிருந்தது. அதுவும் போதாமல் 2025 கோடையில் சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உச்சவரம்பு வைத்தார்கள். 'உகந்த காலம்' என்று அச்சடித்தவர்கள் யாரும் அந்தக் கோர்ட் உத்தரவைப் படித்ததாகத் தெரியவில்லை. வியாபாரிகள் கடையடைத்தார்கள். சீசனில் சம்பாதித்துத்தான் வருஷம் ஓட்டுகிறோம் என்றார்கள். அவர்கள் கஷ்டம் உண்மை. ஆனால் ஒரு மலையின் வருஷ வருமானத்தை அறுபது நாளில் திணித்தது யார்? செப்டம்பரில் வா, ஜனவரி உறைபனியைப் பார்க்க வா, ஜூலைச் சாரலில் ஒரு வாரம் நனைய வா என்று ஊரைக் கூவி விற்றிருந்தால் இந்த நெரிசல் வந்திருக்குமா? கவர்னர் வந்த மாதத்திலேயே நாமும் கடை விரித்துக் காத்திருந்தோம்.

இப்போது பாண்டிச்சேரி. மே மாதத்தில் அங்கே நாற்பது டிகிரி தொடும், மறைக்கவில்லை. மேல்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று இறங்கத் தாமதமாகும். அந்த நாட்கள் கொடுமை. ஆனால் பிற்பகலில் அது இறங்கிவிட்டால் பழைய தமிழர் தெரு வீடுகளில் முற்றமும் தாழ்வாரமும் தானாக வேலை செய்யும். இப்போது அந்த வீடுகளை இடித்துக் கண்ணாடி வைத்துக் கட்டிவிட்டு ஏ.சி. மாட்டுகிறார்கள், அது தனிக் கட்டுரை. நான் பதினொரு மணியிலிருந்து நான்கு வரை வெளியே தலைகாட்டுவதில்லை. எழுபது தாண்டியவன், சர்க்கரை மாத்திரை போடுகிறவன், இதில் வீம்பு காட்ட மாட்டேன். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம். மற்றவர்களுக்கு விடியற்காலை இருக்கிறது, மாலை இருக்கிறது, நுங்கு இருக்கிறது, பண்ருட்டிப் பலா இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், பெரிய விசைப்படகுகள் நின்றுவிடும். சின்னப் படகுகாரர் கொண்டுவரும் நாலு மீனுக்குத்தான் போட்டி. விலை ஏறத்தான் செய்யும். அந்த இரண்டு மாதம் ஆட்டோக்காரரும் சின்ன ஹோட்டல்காரரும் ஆள் வராதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே நம் தெருவில் இடமில்லாமல் கார்கள் சாக்கடை மேல் நிற்கின்றன.

வெயிலில் வாடும் கீழ்நாட்டு ஏழைக்குழந்தை ஒருமுறை ஊட்டி பார்க்கக் கூடாதா என்று என் மருமகள் கேட்டாள். பார்க்கட்டும், பஸ்ஸில் வரட்டும், பஸ்ஸுக்கு இ-பாஸே கிடையாது. நான் சொல்வது வருஷாவருஷம் மூன்று கார் போட்டுக்கொண்டு வந்து, தொட்டபெட்டாவில் பிளாஸ்டிக் தட்டை விட்டெறிந்துவிட்டு, "ஊட்டியும் இப்ப சூடாயிடுச்சு" என்று புகார் சொல்லிப் போகிறவர்களை.

நாங்கள் இந்த வருஷமும் அக்னி நட்சத்திரம் தொடங்கிய இரண்டாம் நாள் இறங்குகிறோம், கோயம்புத்தூரிலிருந்து இரவுப் பஸ்ஸில். வில்லியனூர்த் தேர் பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம். கூட வர விருப்பமுள்ள நண்பர்கள் ஏப்ரல் கடைசிக்குள் சொன்னால் பழைய முற்றத்து வீடு ஒன்று தெரியும், மாடியில் இரண்டு அறை வாடகைக்குக் கிடைக்கும். குடையும் பருத்தி வேட்டியும் போதும். ஸ்வெட்டரை மேட்டுப்பாளையத்தில் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.