கணினி வழங்க முன்வருவோர்க்கு ஒரு விண்ணப்பம்

விழாக் காலத்தில் நன்கொடை பெருகுதல் இயல்பு. எம் கல்லூரியின் விழாவையொட்டியும், உள்ளூரிலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் பழைய மாணவர் பலர், “கணினிக் கூடத்துக்கு என்ன வேண்டும்?” என்று அன்புடன் வினவி வருகின்றனர். “எத்தனை முடியுமோ அத்தனை கணினி” என்பதே அவர்கட்கு நாம் அளித்துவரும் விடை. இவ்விடை போதாது என்பது என் துணிபு. எத்தனை என்பதற்கு முன்னர் எத்தகையது என்பது கேட்கப்படல் வேண்டும். தமிழ் கற்பிப்பவனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கலாம். கூடத்துத் திறப்பு என் கைக்கு வந்த நாள் தொட்டு அவ்வேலை என்னை விட்டபாடில்லை.

விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொவ்ற் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவெய்தியது. பின்வந்த விண்டோஸ் 11, இன்டெல் சில்லுகளைப் பொறுத்தவரை, 2017இல் வெளிவரத் தொடங்கிய எட்டாந் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்குமே பெரும்பாலும் இடங்கொடுக்கின்றது. பாடசாலைகளிற் கிடக்கும் கணினிகளோ அதற்கு முந்தியவை பல. 2022இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதன் பின்னர், புதியன வாங்குதல் எளிதன்று. களவுப் பிரதியை நிறுவிவிட்டு, அதே அறையில் நின்று மாணவர்க்கு ஒழுக்கம் போதிப்பதும் அழகன்று. ஆகவே, மூலநிரல் எவர்க்கும் திறந்து கிடக்கும் லினக்சை நாடுதல் நமக்குத் தக்க வழி. அதில் ரெங்கநாதன் விசைப்பலகை உண்டு. தமிழ் 99 உண்டு. பாமினியில் அடித்த கட்டுரை வேறொரு கணினியில் உருத்தெரியாத கிறுக்கலாய்த் தோன்றும் துன்பமும், யூனிகோட்டிற் பழகும் மாணவர்க்கு இல்லை.

ஆயினும் ஓர் அனுபவத்தைச் சொல்லாது விடலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் அன்பர் சிலர் மடிக்கணினிகள் திரட்டி அனுப்பினர். லினக்ஸ் நிறுவினோம். திரை ஒளிர்ந்தது, தமிழ் எழுத்தும் தோன்றியது, கம்பியில்லா இணைப்பு மட்டும் வரவில்லை. அச்சில்லுக்கு வேண்டிய நிரலை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டுமாம். இணையம் வருவதற்கோ அந்நிரல் வேண்டும். நீர் மொள்ளக் கயிறு தேடியவன், கயிறு கிணற்றுக்குள்ளே கிடக்கக் கண்ட கதையாயிற்று. இரண்டு தவணை அவை அலுமாரியில் உறங்கின. கொடுத்தவரைக் குறை கூறுவதற்கில்லை. கேட்கத் தெரியாதிருந்தவர் நாமே.

காரணம் எளியது. கணினியின் ஒவ்வோர் உறுப்பும் பணிசெயல் முறைமையுடன் பேசுதற்கு ஒரு சிறு நிரல் வேண்டும். கடைக்காரர் இதனை டிரைவர் என்பர். விண்டோசுக்குரியதை உறுப்பைச் செய்வோரே எழுதித் தருகின்றனர். லினக்சுக்குரியவற்றுட் பெரும்பாலன அம்முறைமையின் கருவோடு சேர்ந்தே வருகின்றன. செய்வோர் தம் சில்லின் விவரங்களை வெளியிட்டிருப்பின் அல்லது தாமே எழுதி உதவியிருப்பின், உறுப்பு உடனே இயங்கும். மறைத்து வைத்திருப்பின், தன்னார்வலர் புறத்தே நின்று ஆராய்ந்து எழுதும்வரை காத்திருத்தல் வேண்டும். இன்டெல் நிறுவனம் தன் கம்பியில்லாச் சில்லுகளுக்குத் தானே எழுதி உதவுகின்றது. புரோட்கொம் சில்லுகள் பலவற்றுக்கு நிரலைத் தனியே தேட வேண்டியுள்ளது. வரைகலைச் சில்லு செய்யும் என்விடியாவை, லினக்சைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில் வெளிப்படையாகவே வைதார்; அந்நிறுவனம் கருவுக்குரிய தன் நிரலைத் திறந்தது 2022 மே மாதத்தில். ஆகவே “புதியது, விலை கூடியது” என்பதனால் மட்டும் ஒரு பொருள் நமக்கு உதவும் என்று எண்ணிவிடலாகாது.

அச்சுப்பொறியில் இன்னும் விழிப்பு வேண்டும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வேரிலேயே ஓர் அச்சுப்பொறி இருக்கின்றது. 1980ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்துக்கு சிறொக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கினால் அறிவிக்கும்படி அதன் நிரலைத் திருத்த ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார், மூலநிரல் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரும், இரகசியம் காப்பதாக ஒப்பமிட்டிருந்தமையால், தர மறுத்தார். 1983இல் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். நாற்பது ஆண்டு கடந்தும், மலிவான சில லேசர் அச்சுப்பொறிகள் லினக்சுக்கு முகங்கொடுக்க மறுக்கின்றன. எச்.பி. நிறுவனம் தன் அச்சுப்பொறிகள் பலவற்றுக்குத் திறந்த மூல நிரலைத் தருகின்றது. பெட்டியின் மேல் ‘ஏர்பிரின்ட்’ என்று எழுதப்பட்டிருப்பின், அது பெரும்பாலும் தனி நிரலின்றியே லினக்சுடன் ஒத்துழைக்கும்.

நமக்கு அண்மையில் இதனை ஒழுங்காகச் செய்து காட்டியவர் கேரளத்தார். 2001இல் ‘ஐ.ரி. அற் ஸ்கூல்’ என்று தொடங்கி, 2017இல் ‘கைட்’ என்னும் அரச நிறுவனமாக வளர்ந்த அவர்தம் திட்டம், பாடசாலைகளுக்கென ஒரு லினக்சைத் தானே தொகுத்து வழங்குகின்றது. இரண்டு இலட்சம் கணினிகளுக்கு அதனை வழங்குவதால் 3,000 கோடி இந்திய ரூபா மிச்சமாகும் என்று 2019இல் கைட் கணக்குக் கூறிற்று. அரசாங்கத்தின் கணக்கைச் சற்றுக் குறைத்தே நம்புவது என் வழக்கம், பாதியாயினும் பெருந்தொகையன்றோ! பத்துக் கணினி வாங்கும் நாம் கேரள அரசாங்கம் அல்லோம். ஆயினும் காசு கொடுக்கு முன் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

கேட்பது எப்படி? லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கடைக்குக் கொண்டுசென்று, எதனையும் நிறுவாமலே கணினியை அதிலிருந்து தொடக்கச் செய்யலாம். கம்பியில்லா இணைப்பு, ஒலி, கமரா, புரொஜெக்டர் ஆகியவற்றைச் சோதித்து, மடிக்கணினியாயின் மூடித் திறந்தும் பார்த்தல் வேண்டும். கால் மணிநேரம் போதும். இதற்கு இணங்காத கடையில் வாங்காது திரும்புதலே நன்று. அலுவலகங்கள் பாவித்துக் கழித்த திங்க்பாட், லற்றிரியூட் போன்றன பெரும்பாலும் நம்பத்தக்கவை. பழைய கணினியாயின் மூடியைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கின்றதா என்றும் நோக்குக. பாலாவி உப்பளத்துக் காற்றும் உடப்புக் கடற்காற்றும் செம்பை விட்டுவைப்பதில்லை.

அலுவலகங்களில் விண்டோஸ்தானே உண்டு, மாணவர் பின்தங்கார்களா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. முறையான உரிமத்துடன் இரண்டு கணினிகளில் அதுவும் இருக்கட்டும். நான் பிடிவாதக்காரன் அல்லேன். ஏனையவற்றுக்கே இவ்விண்ணப்பம்.

கடைக்குச் செல்லும் அன்பர் எவரும் கேட்டுப் பெறும்படி, அத்தகைய பென் டிரைவ்கள் மூன்று கல்லூரி அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. வெளிநாட்டில் வாங்குவோர், பொருளின் முழு இலக்கத்தை வாங்கு முன் எழுதியனுப்பின், நானும் மாணவரும் ஆராய்ந்து ஒரு கிழமைக்குள் மறுமொழி தருவோம்.