பின்னிருக்கையில் இருந்து வந்த புகார்

“ஏம்பா, ஒவ்வொரு மேட்டுலயும் இடுப்பைத் தூக்கிப் போடுதே, உனக்குத் தெரியலையா?”

தாமானை விட்டு வெளியேறும் முன்பே அம்மா கேட்டுவிட்டார். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. பின்பக்க சஸ்பென்ஷன் தேய்வது, முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவருக்குக் கடைசியாகத்தான் தெரியும்.

மாலையில் குனிந்து பார்த்தேன். பின் அப்சோர்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. இது இடுப்பு வலியோடு நிற்கிற விஷயம் அல்ல. அப்சோர்பர் தளர்ந்தால் சக்கரம் துள்ளும். துள்ளும் நேரத்தில் டயருக்குச் சாலையில் பிடிப்பு இருக்காது. நெடுஞ்சாலையில் மழை, பின்னால் மூன்று பேர், பூட் நிறைய சாமான் என்றால் யோசித்துப் பாருங்கள்.

எங்களுடையது 2005-இல் அறிமுகமான முதல் தலைமுறை மைவி. பின்சக்கரங்கள் இரண்டையும் டோர்ஷன் பீம் என்ற ஒரே இரும்புச் சட்டம் இணைக்கிறது. ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் தனித்தனி. கை பழகியவர்கள் வீட்டிலேயே மாற்றலாம்.

முதலில் பாதுகாப்பு. ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. அவற்றையே தூக்கிவிட்டால் அது எதைப் பிடிக்கும்? சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். கியரை ‘பி’யில் போடுங்கள், மேனுவல் என்றால் முதல் கியர். தூக்கியதும் இரு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள்.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டால் பாதி வேலை மிச்சம். அப்சோர்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றுமுன் பீமுக்கு அடியில் இன்னொரு ஜாக்கியைக் கொடுங்கள். இல்லையென்றால் பீம் சட்டென்று இறங்கி பிரேக் ஹோஸை இழுத்துவிடும். பிறகு மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து வெளியே வரும். அதன் ரப்பர் இருக்கையையும் பாருங்கள், நைந்திருந்தால் மாற்றுங்கள். அப்சோர்பரோ ஸ்பிரிங்கோ, எதை வாங்கினாலும் ஜோடியாக வாங்குங்கள்.

இனி நான் செய்த தவறு. புதிய அப்சோர்பரைப் பூட்டி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே கீழ் போல்ட்டை இறுக்கிவிட்டேன். நான்கே மாதத்தில் ‘கிரீச்’ சத்தம். அப்சோர்பர் நன்றாகவே இருந்தது. அதன் கீழ்க்கண்ணில் உள்ள ரப்பர் புஷ்தான் கிழிந்திருந்தது.

காரணம் எளிது. போல்ட்டை இறுக்கும்போது புஷ்ஷின் உள்குழாய் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சும்மா நிற்கும்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். எனவே முதலில் கையளவு முடுக்கி, பீமை ஜாக்கியால் தூக்கி, கார் வழக்கமாக நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே முழுதாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பது காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

பீமைக் காரின் உடலோடு இணைக்கும் பெரிய புஷ்களை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். அதற்கு பிரஸ் மெஷின் வேண்டும். பிரேக் குழாயையும் கழற்ற வேண்டி வரலாம். அதைப் பட்டறைக்கு விடுங்கள். ஆனால் “அண்ணே, வண்டி எடை சக்கரத்துல இறங்கின பிறகு கடைசியா டைட் பண்ணுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

வேலை முடிந்ததும் காரை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அம்மா இத்தனை நாள் எதைப் பொறுத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது.