டேஸ்டிங் ரூமில் யாரும் கேட்காத கேள்வி

டிஸ்கி: குடி நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் இங்கே இல்லை. அதற்கு வேறு நடுவர்கள் இருக்கிறார்கள். இது முழுக்க முழுக்க கணக்கு வழக்கு சம்பந்தப்பட்ட சண்டை.

அமெரிக்காவில் கிராஃப்ட் பீர் ஆலை ஒன்றின் டேஸ்டிங் ரூமுக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் பளபளவென்று ஸ்டீல் தொட்டிகள். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து: பீரின் பெயர், ஆல்கஹால் சதவீதம், கசப்பு எத்தனை புள்ளி, எந்த ஊர் ஹாப்ஸ். பலகையில் குழி வெட்டி நாலு குட்டி கிளாஸ் வைத்து நீட்டுவார்கள். அதற்கு ஃப்ளைட் என்று பெயர். வந்தவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு "இதில் எலுமிச்சைத் தோல் வாசம் வருகிறதே" என்பார். ஊற்றிக் கொடுத்தவர் முகம் மலர்ந்து அந்த ஹாப்ஸின் குலம் கோத்திரமெல்லாம் சொல்லுவார்.

எல்லாம் சரி. அந்தக் கரும்பலகையில் இரண்டே இரண்டு விஷயம் மட்டும் இருக்காது. ஒன்று, இந்த ஆலை யாருடையது. இரண்டு, இதை ஊற்றிக் கொடுக்கிறவருக்கு என்ன சம்பளம். "நாங்கள் எதையும் ஒளிக்கமாட்டோம், வந்து பாருங்கள்" என்று கண்ணாடிச் சுவர் கட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் எழுத மறப்பது தற்செயல் இல்லை.

டேஸ்டிங் ரூம் என்பது ஏதோ ஆலைக்காரர் ஆசைக்கு வைத்த திண்ணை என்று நினைக்கிறவர்கள் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மதுவிலக்கு 1933-இல் முடிந்தபிறகு அமெரிக்க மாநிலங்கள் மூன்றடுக்கு முறை ஒன்றைக் கொண்டுவந்தன. தயாரிப்பவர் மொத்த வியாபாரிக்கு விற்கவேண்டும், அவர் கடைக்காரருக்கு, கடைக்காரர் குடிப்பவருக்கு. நடுவில் இருக்கிற இரண்டு கைக்கும் லாபம் போனபிறகு மிச்சம்தான் ஆலைக்கு. டேஸ்டிங் ரூம் என்பது சட்டம் பின்னாளில் திறந்துவிட்ட ஒரு குறுக்குச் சந்து. வழக்கமான பெரிய பீப்பாய் ஒன்றில் 15.5 காலன் பீர். அதை 16 அவுன்ஸ் கிளாஸில் ஊற்றினால் 124 கிளாஸ். கிளாஸ் 7 டாலர் என்று வைத்துக்கொண்டால் 868 டாலர். அதையே 4 அவுன்ஸ் குட்டி கிளாஸில் ஊற்றி, கிளாஸ் 3 டாலர் என்று விற்றால் 496 கிளாஸ், 1488 டாலர். (நுரை, சிந்தினது, ஓசியில் கொடுத்தது எல்லாம் கழித்துக்கொள்ளுங்கள், அப்போதும் அடேங்கப்பா கணக்குதான்.) நடுவில் யாரும் இல்லை. ஆகவே அந்த மரப்பலகையும் சாக்பீஸும் கம்பெனியின் நல்ல லாப விகிதம் உள்ள பிரிவு. சம்பாதிக்கட்டும், தப்பே இல்லை. அங்கே விற்பனைக்கு இருக்கும் முதல் சரக்கு நெருக்கம்தான், பீர் அதற்கு அடுத்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளட்டும்.

அந்த நெருக்கம் எவ்வளவு நிஜம்? சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையை 2011-இல் அன்ஹைசர் புஷ் இன்பெவ் 38.8 மில்லியன் டாலருக்கு வாங்கியது. பட்வைசர் விற்கிற அதே கம்பெனி. கூஸ் ஐலண்டின் கோதுமை பீர் ஒன்றுக்கு 312 என்று பெயர். 312 சிகாகோ நகரத்தின் தொலைபேசிக் குறியீட்டு எண். அதாவது "இது எங்க ஊர் பீர்" என்று நெற்றியில் எழுதி ஒட்டியது. வாங்கின கொஞ்ச நாளில் அந்த 312-ஐ நியூயார்க் மாநிலத்து பால்ட்வின்ஸ்வில்லில் இருக்கும் பெரிய ஆலையில் காய்ச்ச ஆரம்பித்தார்கள். அந்த ஊரின் குறியீட்டு எண் 315. மூணு நம்பர்தானே வித்தியாசம், விடுங்கள் :-)

இது ஒருவரோடு முடிந்த கதையும் இல்லை. பேலஸ்ட் பாயின்ட் 2015-இல் கான்ஸ்டெலேஷன் கம்பெனிக்கு 1 பில்லியன் டாலருக்குப் போனது. நாலு வருஷத்தில் மார்க்கெட் சரிந்ததும், இல்லினாய்ஸில் பெயர் தெரியாத ஒரு குட்டி ஆலையின் கைக்கு வந்துவிட்டது. லகுனிடாஸ் 2015-இல் பாதி, 2017-இல் முழுசு என்று ஹெய்னிகன் வசம். அன்ஹைசர் புஷ் தன் கையில் இருந்ததில் எட்டு பிராண்டுகளை 2023-இல் டில்ரே என்ற கனடா கஞ்சா கம்பெனிக்குத் தள்ளிவிட்டது. உள்ளூர்க்காரனை ஆதரிக்கிறோம் என்று சனிக்கிழமை மாலை டேஸ்டிங் ரூமில் டிப்ஸ் வைத்துவிட்டுப் போனவர், கடைசியில் ஒரு கஞ்சா கம்பெனியின் காலாண்டு அறிக்கைக்கு வரவு சேர்த்திருக்கிறார். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"அதற்குத்தான் முத்திரை இருக்கிறதே" என்பார்கள். ப்ரூவர்ஸ் அசோசியேஷன் என்ற சங்கம் 2017-இல் தலைகீழ் பாட்டில் படம் போட்ட சுயாதீன முத்திரை கொண்டுவந்தது உண்மை. வேறு மது கம்பெனியிடம் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால் முத்திரை கிடையாது. நல்ல விதி. ஆனால் அந்தச் சங்கத்தின் "கிராஃப்ட்" விளக்கம் வளைந்த கதையையும் கூடவே படிக்கவேண்டும். சிறிய ஆலை என்றால் வருஷத்துக்கு 2 மில்லியன் பேரலுக்குள் என்று முதலில் இருந்தது. சாமுவேல் ஆடம்ஸ் தயாரிக்கும் பாஸ்டன் பீர் அந்த எல்லையை நெருங்கியதும், 2010 முடிந்து 2011 தொடங்கும் நேரத்தில் எல்லை 6 மில்லியன் ஆனது. ஒரு பேரல் கிட்டத்தட்ட 117 லிட்டர். எனவே சுமார் 70 கோடி லிட்டர் காய்ச்சுகிறவரும் "சிறியவர்". சோளம், அரிசி கலந்தால் கிராஃப்ட் இல்லை என்று முகம் சுளித்தவர்கள், 2014-இல் அதையும் விட்டுவிட்டார்கள். பிள்ளை பாஸாகவேண்டும் என்பதற்காக பாஸ் மார்க்கைக் குறைத்த பள்ளிக்கூடம் மாதிரி.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 25 சதவீதக் கட்டுப்பாடு மது கம்பெனிகளுக்கு மட்டும்தான். பீர் பக்கமே தலைவைத்துப் படுக்காத முதலீட்டு நிதி ஒன்று முழு ஆலையையும் வாங்கினால் முத்திரைக்கு ஒரு சேதமும் இல்லை. சட்டமும் உதவிக்கு வராது. கிராஃப்ட் என்ற சொல்லுக்கு அமெரிக்க மத்திய அரசின் விளக்கம் கிடையாது. மில்லர்கூர்ஸ் தயாரித்த ப்ளூ மூனை கிராஃப்ட் பீர் என்று நம்பி ஏமாந்ததாக 2015-இல் கலிஃபோர்னியாவில் ஒருவர் வழக்குப் போட்டார். லேபிளில் "ப்ளூ மூன் ப்ரூயிங் கம்பெனி" என்றுதான் இருந்தது. அப்படி வேறு வணிகப் பெயரில் விற்பதை விதி அனுமதிக்கிறது. அடுத்த வருஷமே வழக்கு தள்ளுபடி.

இப்போது ஆங்கர் கதைக்கு வரவேண்டும். இந்தச் சண்டையின் நடுப்பகுதியே அதுதான்.

சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1896-இல் அந்தப் பெயரில் தொடங்கியது. குளிர்பதன வசதி இல்லாத காலத்தில், குளிரில் புளிக்கவேண்டிய லாகர் ஈஸ்டை மேலோட்டமான அகலத் தொட்டிகளில் சாதாரண வெப்பத்திலேயே புளிக்க வைத்துக் காய்ச்சிய ஸ்டீம் பீர்தான் அதன் அடையாளம். 1965-இல் மூடப்போகிற நிலையில் இருந்ததை ஃப்ரிட்ஸ் மேடேக் என்ற இளைஞர் வாங்கினார். வாஷிங் மெஷின் மேடேக் குடும்பத்து வாரிசு. (கைத்தொழில் காவியத்தின் நாயகனும் காசுள்ள வீட்டுப் பிள்ளைதான், இதையும் யாரும் சாக்பீஸில் எழுதமாட்டார்கள்.) ஆனால் மனிதர் உழைத்தார். 1975-இல் அவர் கொண்டுவந்த லிபர்ட்டி ஏல், காஸ்கேட் ஹாப்ஸ் மணக்க, பின்னால் வந்த அமெரிக்க ஐபிஏ கூட்டத்துக்கே முன்னோடி. அதே வருஷம் தொடங்கிய கிறிஸ்துமஸ் ஏலுக்கு வருஷா வருஷம் புது ருசி, லேபிளில் புது மரம். 1979-இல் பொட்ரேரோ ஹில்லில் பழைய காபி வறுக்கும் கட்டடம் ஒன்றுக்கு ஆலை மாறியது. செப்பு அண்டாக்களைச் சுற்றிக் காட்டி, கடைசியில் ருசி பார்க்கக் கொடுத்து அனுப்புவார்கள். இன்றைய டேஸ்டிங் ரூம்கள் எல்லாம் நகல் எடுக்கும் மூலப்பிரதி அது என்று சொன்னால் மிகையில்லை.

2010-இல் மேடேக் விற்றார். 2017-இல் ஜப்பானின் சப்போரோ வாங்கியது, 85 மில்லியன் டாலர் என்று செய்திகள் சொல்லின. எதிர்ப்புறம் பப்ளிக் டாப்ஸ் என்று பெரிய கூடமும் திறந்தாகிவிட்டது. வருகிறவர்களுக்கு வரலாறு, செப்பு அண்டா, நங்கூரம் எல்லாம் அப்படியே. உள்ளே வேலை செய்தவர்களுக்கு மட்டும் அந்த ஊர் வாடகை கட்டுப்படியாகவில்லை. சம்பளம் போதவில்லை, சலுகைகள் சுருங்குகின்றன என்று 2019-இல் தொழிற்சங்கம் அமைத்தார்கள். துறைமுகத் தொழிலாளர்களின் சங்கத்தோடு சேர்ந்தார்கள். கிராஃப்ட் பீர் உலகத்தில் இது அரிதான சங்கதி. "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்" என்று சொல்லும் தொழிலில் சங்கம் வைத்தால் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்! ஆனாலும் அந்த வருஷம் டிசம்பரில் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதன்பிறகு கொரோனா. உணவகங்களை நம்பியிருந்த விற்பனை படுத்தது. 2022-இல் சப்போரோ ஸ்டோன் ஆலையை 165 மில்லியன் டாலருக்கு வாங்கி, தன் சொந்த பீரை அமெரிக்காவிலேயே காய்ச்ச அதைப் பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. நகரத்து மேட்டில் இருக்கும் பழைய கட்டடத்தின் கதை அப்போதே எழுதப்பட்டுவிட்டது என்று கணக்குப் படித்தவர்கள் யூகித்திருக்கலாம். 2023 ஜூனில் கிறிஸ்துமஸ் ஏல் நிறுத்தம், கலிஃபோர்னியாவுக்கு வெளியே விற்பனை நிறுத்தம். ஜூலை 12-இல் ஆலையே மூடல் என்று அறிவிப்பு. ஊழியர்களுக்கு 60 நாள் நோட்டீஸ். பணவீக்கம், போட்டி, கொரோனா என்று காரணங்கள் வாசிக்கப்பட்டன. அவை பொய் என்று சொல்லமுடியாது. ஆனால் அந்தப் பட்டியலில் வாங்கிய முதலாளியின் முடிவுகள் மட்டும் இல்லை.

அந்த வாரம் பப்ளிக் டாப்ஸ் வாசலில் நீண்ட வரிசை. கடைசி பாட்டில் வாங்க நின்றார்கள், நினைவுக்கு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதே நாட்களில் தொழிலாளர்கள், "நாங்களே கூட்டுறவாக வாங்கி நடத்துகிறோம், வாய்ப்புக் கொடுங்கள்" என்று சப்போரோவுக்குக் கடிதம் எழுதினார்கள். அது நடக்கவில்லை. 2024-இல் சோபானி தயிர் கம்பெனியின் ஹம்தி உலுகாயா வாங்கினார். ஒரு பணக்காரர் வந்து காப்பாற்றிவிட்டார் என்று பத்திரிகைகள் மகிழ்ந்தன. அந்தத் தொட்டிகளின் குணம் தெரிந்தவர்கள் கேட்டபோது கிடைக்காதது, காசோடு வந்தவருக்குக் கிடைத்தது.

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "ருசிதான் முக்கியம். முதலாளி யாராயிருந்தால் என்ன?" நல்ல கேள்விதான். ருசி மட்டுமே முக்கியம் என்றால் கண்ணாடிச் சுவர் எதற்கு? நிறுவனர் சைக்கிளில் போகும் கறுப்பு வெள்ளை போட்டோ எதற்கு? ஊர்ப் பெயர் எதற்கு? கடையில் ஆறு கேன் வாங்குவதைவிட அதிகம் கொடுத்துக் குடிக்க அங்கே போகிறவர் அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். காசு வாங்கிக்கொண்ட கதை உண்மையாக இருக்கவேண்டும் என்று கேட்பது வாடிக்கையாளர் உரிமை. "சின்ன ஆலைகள் பாவம், பிழைப்பே கஷ்டம்" என்பது இன்னொரு பதில். அதுவும் நிஜம். 2024-இல் அமெரிக்காவில் புதிதாகத் திறந்தவற்றைவிட மூடிய கிராஃப்ட் ஆலைகள் அதிகம். அப்படியானால் நிஜமான சின்ன ஆலைக்குத்தான் இந்தத் தகவல் பலகையால் லாபம். மறைக்க அவரிடம் ஒன்றுமில்லை.

டிப்ஸ் விஷயம் இன்னும் மோசம். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டிய மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-இல் நிர்ணயித்தது, அதன்பின் 30 வருஷம் தாண்டியும் ஏறவில்லை. டிப்ஸ் சேர்த்தும் 7.25 டாலர் எட்டாவிட்டால்தான் முதலாளி மிச்சத்தைப் போடவேண்டும். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இந்த ஏற்பாட்டை ஒத்துக்கொள்வதில்லை. மற்ற பல மாநிலங்களில், ஹாப்ஸ் வம்சாவளி சொல்லி சிரித்த முகத்தோடு ஊற்றுகிறவரின் சம்பளத்தில் பெரும்பகுதி எதிரே உட்கார்ந்து ருசி பார்ப்பவரின் மனநிலையைப் பொறுத்தது.

கரும்பலகையில் ஆல்கஹால் சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று வரிக்கு இடம் இருக்கிறது. உரிமையாளர் யார், பங்கு எத்தனை. இந்த பீர் எந்த ஊர் ஆலையில் காய்ச்சியது. டிப்ஸ் இல்லாமல் ஊழியருக்கு மணிக்கு எவ்வளவு. சாக்பீஸ் செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது. அடுத்த முறை ஃப்ளைட் பலகை வந்து இறங்கும்போது, எலுமிச்சைத் தோல் வாசத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்கலாம். ஊற்றுகிறவருக்கு பதில் தெரியாமலும் இருக்கலாம். அவரிடமும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.